சுவரில் மாட்டாத ஃபிரேம்

சக்கரமே இல்லாத சைக்கிளிலிருந்து சக்கரம் சுற்றி ஓயும் சத்தம் வந்தது.

கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள், ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றாள். சத்தம் பின் அறையிலிருந்து வந்தது. டிக்டிக்டிக் என்று வேகமாகத் தொடங்கி, இடைவெளி நீண்டு நீண்டு, கடைசி டிக்குக்குப் பிறகு இன்னொன்று வருமோ வராதோ என்று காதைக் காக்க வைக்கிற சத்தம். இறக்கத்தில் மிதிக்காமல் வந்த வண்டியைத் தூக்கி நிறுத்தினால் பின் சக்கரம் இப்படித்தான் ஓயும். ஆனால் பின் அறையில் இருந்தது வெறும் ஃபிரேம். முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்தது. ஸ்டாண்டின் கவ்வலில் தொங்கும் கரும்பச்சை எஃகுக் குழாய்கள், அவ்வளவுதான். அதில் சக்கரமும் இல்லை, செயினும் இல்லை, பெடலும் இல்லை.

உள்ளே போய் விளக்கைப் போட்டாள். குழாயின் மேல் கை வைத்தாள். ஓடி வந்து நின்ற விலங்கின் விலாவைப் போல அது வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே மெல்லிய அதிர்வு. கை வைத்ததும் அது நின்றது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டது போல.

"குழாய்தானே," என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவினாள்.

ஒரு பேருந்து அவளை உரசித் தள்ளி வலது முழங்காலை உடைத்த பிறகு, எல்லோரும் அவளிடம் சொன்ன ஒரே வார்த்தை 'போதும்'. நடந்தால் போதும் என்றார் டாக்டர். உயிர் பிழைத்ததே போதும் என்றாள் அக்கா. பள்ளி வேன் ஓட்டும் கணவர், நசுங்கிய பழைய சைக்கிளைக் கொண்டுபோய் இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு அளவு பார்த்துத் தேய்த்துக்கொண்டே, மனதுக்குள் தனக்கென்று ஒரு வண்டியைத் துண்டு துண்டாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில், ஏற்றத்தில் முழங்காலைக் கொல்லாத பல்சக்கரம். அதற்கெல்லாம் பொருத்தமான ஃபிரேம் ஒன்றுதான் அகப்படாமல் இருந்தது.

அகப்பட்டது ஒரு அடுக்குமாடி வீட்டில். விற்ற அம்மா அதைப் பால்கனியில் படுக்கை விரிப்பால் சுற்றி, கயிற்றால் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் வாங்கினது. ஆசை ஆசையா வாங்கினார். ஒரு சாமான் கூடப் பூட்டலை, அதுக்குள்ள போயிட்டார்."

முடிச்சை அவிழ்க்க அவர் கை கொடுக்கவில்லை. அவள் ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் தாண்டிய பிறகுதான் கேட்டார். "வண்டியாவா பூட்டப் போறீங்க?"

"ஆமாங்க. வேற எதுக்கு?"

"சுவத்துல அழகுக்கு மாட்டுவீங்கன்னு நெனச்சேன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழும் சத்தம். பிறகு இன்னொன்று.

சைக்கிள் கடைக்காரரை ஊரே 'ஸ்போக்' என்றுதான் கூப்பிடும். ஆள் சக்கரக் கம்பி போல அவ்வளவு ஒல்லி, பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போய்விடுவார். அடுத்த விடுமுறையில் ஃபிரேமை அவரிடம் கொண்டுபோனாள். பெடல் கிராங்க் சுற்றுகிற பேரிங்கை இறுக்கிக்கொண்டே சீட்டி அடித்தவர், பாதியில் நிறுத்தினார். ஃபிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார். குழாய் வாயில் காதை வைத்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ள ஏதாவது போட்டு வச்சிருக்கியா?"

"இல்லையே அண்ணா. ஏன்?"

அவர் காதைத் துடைத்துக்கொண்டார். ஈரத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். "ஒண்ணுமில்ல. சக்கரம் ரெண்டும் கோத்து வச்சுட்டேன், எடுத்துட்டுப் போ. மீதியை நீயே வீட்ல பூட்டிக்கோ. உனக்கா தெரியாது?"

உண்மையில் அவளுக்குத் தெரியும். மாலை வேளைகளில் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். மழை பெய்த ஒரு மாலையில் சீட் கம்பியைக் குழாய்க்குள் இறக்கும்போது, உள்ளிருந்து மேலேறி வந்தது ஒரு வாடை; நனைந்த தார், வியர்வை ஊறிய துணி, நெடுநாள் திறக்காத அலமாரி எல்லாம் கலந்து, சூடாக, நேராக முகத்தில். கம்பி இறங்க இறங்க, தண்ணீர்ப் பாட்டில் மாட்டுவதற்கான சின்னத் துளைகள் வழியே காற்று வெளியேறியது. நீளமாக. கம்பி நின்ற பிறகும் அது நிற்கவில்லை. வெளியே போன காற்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இழுக்கப்பட்டது. துளையருகே ஒட்டியிருந்த நூல் ஒன்று உள்பக்கமாக மடங்கி, பிறகு வெளிப்பக்கமாக எழுந்தது.

அவள் துளைகளில் திருகாணியை வைத்து இறுக்கினாள். நன்றாக, மணிக்கட்டு வலிக்கும்வரை இறுக்கினாள்.

சீட்டைத் தன் கால் நீளத்துக்கு வைத்து, கம்பியில் வெள்ளை டேப் சுற்றி அடையாளம் செய்தாள். காலையில் பார்த்தால் சீட் ஒரு சாண் உயர்ந்திருந்தது. டேப் அந்தரத்தில் தெரிந்தது.

"நீங்க தொட்டீங்களா?"

கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் எதுக்குத் தொடப் போறேன்? அந்த ரூம் பக்கம் போறதுக்கே எனக்குப் பிடிக்கலை."

அவள் இறக்கினாள். மறுநாளும் உயர்ந்திருந்தது. திரும்ப இறக்கி, போல்ட்டை முழு பலத்தோடு முறுக்கினாள். மறுநாள் போல்ட் தரையில் கிடந்தது. சீட் நெடுநெடுவென்று வளர்ந்த யாருக்கோ பொருந்துகிற உயரத்தில் நின்றது.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. கம்பியை உருவியெடுத்து, இரும்பு அறுக்கும் ரம்பத்தால் கீழ்ப்பகுதியை அறுத்தாள். இனி அவள் உயரத்துக்கு மேல் தூக்கினால் கம்பி கையோடு வந்துவிடும். ரம்பம் கீச்சிடும்போது, ஸ்டாண்டில் நின்ற ஃபிரேம் நடுங்கியது. அவள் அறுப்பதை நிறுத்தினாள். ஃபிரேமும் நின்றது. மறுபடி அறுத்தாள். மறுபடி நடுங்கியது.

"வலிக்குதா?" என்றாள். "எனக்கும் வலிச்சுது. முழங்காலை அறுத்து உள்ள பிளேட் வச்சப்போ."

அன்று மாலை கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். வேன் சாவி கையிலேயே இருந்தது.

"இங்க பாரும்மா, நான் சொல்லாம இருந்தேன். நேத்து நீ வர்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் எட்டிப் பாத்தேன். பெடல் தானா சுத்திட்டிருந்துது. பின்னோக்கி. மெதுவா. யாரோ உக்காந்துக்கிட்டு உனக்காகக் காத்துட்டிருக்கற மாதிரி."

"சுத்தட்டும். நாளைக்கு செயின் போட்டுடுவேன். அப்புறம் என் காலுக்குத்தான் சுத்தணும்."

"வித்துடலாம்மா. உனக்கு வேற வாங்கித் தரேன், புதுசா."

"எனக்கு இதுதான் வேணும்."

"அது உன்னுது இல்லை! உனக்கே தெரியுதில்ல?"

அவள் அடுப்பை அணைத்தாள். "யாருக்கு எவ்வளவு ஆசை இருந்தா எனக்கென்ன? ஆசைப்பட்டா மட்டும் வண்டி ஆயிடுமா? ஒவ்வொரு ஆணியும் நான் பூட்டினது. என் கையைப் பாருங்க." உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. "எல்லாரும் எனக்குப் போதும் போதும்னு சொன்னீங்க. இப்ப செத்துப்போன ஆளும் சொல்ல வர்றாரா?"

அவள் தோளைத் தொட வந்த கணவரின் கை பாதியிலேயே இறங்கியது.

செயின் ஏறியது. ஹேண்டிலில் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். வண்டி முழுதாயிற்று. அவ்வளவு அழகு. விளக்கொளியில் அதைப் பார்த்தபோது, பயம் போய் அவளுக்குக் கண் கலங்கியது. மறுநாள் காலையில் டேப் ஈரமாக இருந்தது. அவள் விரலைவிட நீளமான விரல்களின் பள்ளம் அதில் வரிசையாகப் பதிந்திருந்தது. அவிழ்த்து எறிந்தாள். புது டேப் சுற்றினாள். அதன்மேல் தன் கைகளை வைத்து அழுத்தி, தன் விரல்தடம் விழும்வரை விடவில்லை.

பிறகு வண்டியை வெளியே எடுத்தாள்.

பொழுது விடிந்துகொண்டிருந்தது. தெருமுனை வரை கணவர் கூடவே நடந்து வந்தார். "போன் எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். ஏறி உட்கார்ந்தாள். முதல் மிதியில் வண்டி பூனை போல நழுவி முன்னே போனது.

நீர்த்தேக்கத்துச் சாலை ஆளரவமற்று இருந்தது. இரண்டு பக்கமும் ஈரப் புல்லின் வாசனை, டயரின் கீழே மணல் நொறுங்கும் சன்னமான ஓசை, காதோரம் குளிர்ந்த காற்று. முழங்கால் முனகியது, பிறகு பழகியது. அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு.

அணைக்கட்டின் திருப்பத்தில் ஹேண்டில் இடது பக்கம் இழுத்தது.

அந்தப் பக்கம் தடுப்புச் சுவர் கிடையாது. சரிவு, கீழே தண்ணீர். கல் தட்டியதாக நினைத்து நேராக்கினாள். மறுபடி இழுத்தது. இந்த முறை மெதுவாக, பொறுமையாக, அடம்பிடிக்கும் பிள்ளையின் கையைப் பற்றி இழுப்பது போல. அவள் வலது கைமுட்டியை இறுக்கி எதிர்ப்பக்கம் தள்ளினாள். தோள் நடுங்கியது. டயர் சாலை விளிம்பின் புல்லைத் தொட்டது.

"விட மாட்டேன்."

இழுப்பு நின்றது.

ஏற்றம் தொடங்கியது. திடீரென்று பெடல் லேசானது. வலியே இல்லை. யாரோ சேர்ந்து மிதிக்கிறார்கள். அவள் காலுக்கு வேலையே இல்லாமல் வண்டி ஏறியது. பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"தள்ளாத! நான் ஏறிக்கறேன்!"

அவள் பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்தினாள். இறங்கி, மூச்சு வாங்கி, திரும்ப ஏறினாள். இந்த முறை பெடல் கனத்தது. அவள் கனம். அவள் வலி. ஒவ்வொரு மிதியும் முழங்காலுக்குள் ஊசியாக இறங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டே உச்சியை எட்டினாள்.

வண்டி இறக்கத்தில் இறங்கியது.

சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் எழுந்திருந்தது. வேகம். காற்று. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். பெடல் நிற்கவில்லை. இரண்டு கால்களையும் அகற்றித் தூக்கினாள்.

பெடல் சுற்றியது.

கைகளின் மேல் குளிர். விரல் மேல் விரல். அவள் கீழே பார்க்கவில்லை. ஹேண்டிலை விடவில்லை. கால்களை மறுபடி பெடல் மேல் வைத்து, முழு கனத்தையும் போட்டு அழுத்தினாள்.

"ஹேண்டில் என் கையில இருக்கு," என்றாள்.

சாலையில் அவளுக்கு முன்னால் நீண்டு ஓடியது நிழல். ஒரு வண்டி. ஒரு உடம்பு. அவள் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலையின் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு தலை மெல்ல எழுந்தது. பக்கவாட்டில் திரும்பியது. நெற்றி தெரிந்தது. மூக்கு. தாடை. அவள் காதுக்கு வெகு அருகில்.

அதன் வாய் திறந்தது.