நடுவில் இருந்த குரல்

ஸ்பீக்கர் ரிப்பேருக்குப் போகிற வீடுகளில் எனக்குப் பிடிக்காதவர்கள், பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள். அன்று காலை பத்து மணிக்குப் போன வீட்டில் அந்த அம்மா வேடிக்கை பார்த்ததோடு விடவில்லை. ஒரு டம்ளரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு என் தலைக்கு மேலே ‘டங் டங்’ என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

“தப்பா நினைக்காதீங்கண்ணா,” என்றாள் மகள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில். “தொண்டையில ஆபரேஷன் ஆனதுல இருந்து அம்மாவால பேச முடியாது. எதுனாலும் நோட்டுல எழுதித்தான் காட்டுவாங்க. முன்னெல்லாம் நாள் முழுக்கப் பாடிட்டே இருப்பாங்க. இப்ப அவங்க பாடின பழைய கேசட்டையே ஓட விட்டுட்டு இருக்காங்க. அது இல்லன்னா சாப்பாடு இறங்காது, பொட்டுத் தூக்கம் கிடையாது. எப்படியாவது சரி பண்ணிடுங்க.”

“தன் குரல் மேல அவ்வளவு ஆசையா?” என்று கிண்டல் செய்தேன்.

மகள் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனாள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

ஸ்பீக்கர் இரண்டும் இடுப்புயரப் பெட்டிகள். இடதுபக்கத்து ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் தொட்டதுமே மாவாக உதிர்ந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புது வளையம் ஒட்டிக் காயவைத்தேன். வலதுபக்கத்தில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளே கருகிக் கிடந்தது. அந்த ஸ்பீக்கரையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். பழையதில் பிளஸ் முனைக்கான சிவப்புப் புள்ளி ஒரு பக்கம், புதியதில் மறுபக்கம். பார்த்து ஒயர் கொடுத்திருக்க வேண்டும். சின்ன பேட்டரி ஒன்றைத் தொட்டுப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். இருபத்தெட்டு வருஷம் பார்த்த தொழிலாயிற்றே என்ற திமிர் எனக்கு. அந்த டங் டங் வேறு உயிரை வாங்கியது.

“அம்மா, போதும்மா! அதைக் கொஞ்சம் கீழ வைங்க. ஸ்பீக்கர் சத்தத்தை நான் கேட்க வேண்டாமா?”

தயங்கித் தயங்கி வைத்தார். கேசட்டைப் போட்டேன்.

வாத்தியங்கள் இரண்டு பக்கமும் வந்தன.

குரல் வரவில்லை.

ஒரு பெட்டியில் பிளஸ் மைனஸ் மாறிப்போனால், இரண்டிலும் பொதுவாக வருகிற குரல் நடுவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துவிடும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் மெலியத்தான் செய்யும். அடியோடு காணாமல் போகாது.

குரல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ மூச்சு விட்டார்கள்.

“எங்க போயிட்ட?”

ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ஒளிந்துகொண்ட குழந்தையைத் தேடுகிறவர்கள் கேட்பது மாதிரி, அவ்வளவு செல்லமாக இருந்தது. மக்கிப்போன ஈரத்துணி வாடை அடித்தது. ஜன்னல் வழியாக வெயில் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன்.

வாத்தியங்கள் நின்றன.

மூச்சு நிற்கவில்லை. என் காதுக்குப் பின்னால் வந்திருந்தது.

அந்த அம்மா கரண்டியை எடுக்கப் போனார். அது கைநழுவி, சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடியது. நோட்டை வெடுக்கென்று எடுத்துக் கிறுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

‘பாடுங்க. நிறுத்தாதீங்க.’

இத்தனை வருஷமும் இவர் ஆசைக்காகப் பாடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். என் கடைக்குட்டி மகளைத் தூங்கவைக்க நானே இட்டுக்கட்டிய தாலாட்டுதான் வாயில் வந்தது. தொண்டை கட்டிய காக்கை மாதிரி பாடினேன். மூச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. பயந்து அடங்கிய மாதிரி இல்லை. உன்னிப்பாகக் கேட்கிற மாதிரி இருந்தது. பாடிக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் கையை விட்டேன். ஒயர் இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. ஒருவழியாக மாற்றிச் சொருகி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன்.

நட்டநடுவில் அந்த அம்மாவின் இளவயதுக் குரல் கணீரென்று எழுந்தது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அழுதார். நோட்டில் ‘மன்னிச்சிடுங்க’ என்று எழுதிக் காட்டினார்.

“ஒயரை மாத்திக் குடுத்தது நான்தானேம்மா, நீங்க எதுக்கு...” என்றேன். ஸ்குரூடிரைவரைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மகள் போன் செய்தாள்.

“அண்ணா, உங்களுக்குக் கோயில்தான் கட்டணும்! அம்மா இப்ப கேசட்டே போடறதில்ல. நல்லா சாப்பிடறாங்க, நல்லா தூங்கறாங்க. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து வீடு அவ்வளவு அமைதியா இருக்கு... அண்ணா? பாடறீங்களா?”

பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

தூங்குவதற்கு என் பாட்டையே போனில் பதிந்து ஓட விடுகிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனைவி பக்கத்து அறைக்குப் போய்விட்டாள், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. பல் தேய்க்கும்போதுதான் கஷ்டம். வாய் கொப்பளிக்க நிறுத்தித்தானே ஆக வேண்டும்?

இன்று காலையும் நிறுத்தினேன்.

நான் விட்ட இடத்திலிருந்து அது பாட ஆரம்பித்தது. அடுத்த வரியில் என் மகளின் பெயர் வரும்.