இணைப்பு விளக்கு

மழை பிடித்த ஒரு சாயங்காலம், ஏணியோடு அந்த டிராம் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு விளக்கைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். சிக்னல் மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை.

அந்த விளக்கு எரிந்தால் டிராம் நிற்க வேண்டும். எதிர்த் தடத்தில் பஸ் வந்துவிட்டது, இறங்குபவர்கள் ஓடிவந்து ஏறும்வரை பொறு என்று அர்த்தம். பஸ்ஸை ஓட்டியவள் என் அக்கா. டிராமை ஓட்டுபவர் அத்தான். இருவரும் முகம் பார்த்துக்கொள்வதே இந்த விளக்கின் தயவில்தான் என்று டிப்போவே கிண்டல் செய்யும்.

போன மழைக்காலத்தில், நிறுத்தத்துக்கு முந்தைய வளைவில் லாரி மோதி, பயணிகளோடு அக்காவும் போய்விட்டாள். பஸ் போகும் வழியை வேறு தெருவுக்கு மாற்றி, இந்தத் தடத்தை மூடினார்கள். விளக்கு மட்டும் தினமும் எரிந்தது. அத்தானும் தினமும் காத்து நின்றார். பின்னால் கார்களும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துத் தீர்த்தன. இன்னொரு முறை தாமதித்தால் அவர் வேலை போய்விடும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். வயரையும் வெட்டினேன். அக்காவை நானே இன்னொரு முறை அனுப்பிவைப்பது போலிருந்தது.

டிராம் வந்தது. ஜன்னலருகே போய், “கிளம்புங்க அத்தான்” என்றேன்.

அவர் மேலே பார்த்தார்.

விளக்கின் வெறும் கூடு எரிந்துகொண்டிருந்தது.

டீசல் வாடை வந்தது. மூடிக்கிடந்த பஸ் தடத்தில் கதவு திறக்கும் சத்தம். தேங்கிய தண்ணீரில் காலடிகள் எங்களை நோக்கி வந்தன. ஆளில்லை.

டிராமின் படி அமுங்கியது.

மறுபடியும் அமுங்கியது.

உள்ளே இருந்தவர்கள், யாரும் சொல்லாமலே ஒதுங்கி இடம்விட்டார்கள்.

“அவ பாசஞ்சருங்க, தம்பி,” என்றார் அத்தான் மெதுவாக. “ஒருத்தரையும் விடாம கொண்டாந்து சேத்துடுறா.”

“அக்கா?”

“வண்டிய விட்டுட்டு அவ எப்படி ஏறுவா?”

காலித் தடத்தைப் பார்த்தபடியே அழுதார். கடைசிக் காலடியும் ஏறியது. விளக்கு அணைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணியடித்து, டிராமை எடுத்தார்.

மேலிடத்துக்குப் போன் செய்தேன். விளக்கைக் கழற்றிவிட்டேன், டிராம் தாமதமில்லாமல் போனது என்றேன். முதல் பாதி நிஜம்தான். பல்பு என் பையில் இருந்தது.

சட்டைத் துணி பொசுங்கும் வாடை வந்தது.