ஒரு டம்ளர் தண்ணீருக்கு எத்தனை யூனிட்

"அக்கா, நீங்க கொடுத்த பிளக் பொய் சொல்லுது."

கடைக்குள் நுழைந்த பெண் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னாள். மீட்டரக்கா அப்போது ஓர் இஸ்திரிப் பெட்டியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "முதல்ல தண்ணி குடிம்மா. பிளக் எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றாள்.

மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் அவள். வெளியே வந்து இந்தப் பழுதுபார்க்கும் கடையைப் போட்டதிலிருந்து தெருவுக்கே மீட்டரக்காதான். கல்லாவுக்குப் பின்னால் ஃப்யூஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறவர் என்பதால் அவருக்குத் தெரு வைத்த பெயர் அவசரம். அவர் அதைப் பட்டம் வாங்கியதுபோல் ஏற்றுக்கொண்டிருந்தார்.

"பிளக் பழுது. மாத்திக் கொடுத்துடலாம்" என்றார் அவசரம்.

"ஏங்க, அவங்க இன்னும் என்னன்னே சொல்லலை."

அந்தப் பெண் சொன்னாள். பேச்சைவிட மூச்சுதான் அதிகம் வந்தது. அப்பா போனபின் அம்மா தனியாக இருக்கிறார். மூன்று மணி நேரப் பயணத்தில் மகள், அதைவிடத் தொலைவில் மகன். "எங்ககூட வந்துடுங்கம்மா" என்றால் அம்மா கேட்பதில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கெட்டில், ஃப்ரிட்ஜ், டிவி மூன்றுக்கும் அளவு காட்டும் பிளக் மாட்டினார்கள். சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை யூனிட் ஓடியது என்று பிள்ளைகளின் போனுக்குச் சொல்கிற சின்னப் பெட்டி அது. காலையில் கெட்டில் ஓடினால் அம்மா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு நாள் ஓடவில்லை என்றாலும் அண்ணன் வேனோடு வந்து, வீட்டைப் பூட்டி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

"எட்டு மாசமா ஒரு நாள்கூடத் தவறல. ஆனா இந்தப் பதினொரு நாளா கெட்டில் மூணு பங்கு கரன்ட் இழுக்குது. அண்ணனும் பாத்துட்டான். அம்மாவுக்கு ஞாபகம் போகுது, கெட்டிலைப் போட்டுட்டு அணைக்க மறக்கிறாங்க, நாளைக்கு வீடே எரியும்ங்கிறான். சனிக்கிழமை வேனோட வர்றான். அந்த வீட்டைவிட்டுக் கூட்டிட்டுப் போனா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க அக்கா. அம்மா வீட்டுக்குக்கூடப் போகாம பஸ்ல இருந்து நேரா இங்கே வந்திருக்கேன். பிளக் பழுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அவன் கேப்பான்."

அன்று வியாழக்கிழமை.

"சொல்லிடலாம்" என்றார் அவசரம்.

"பழுதா இருந்தா சொல்லலாம்" என்றாள் மீட்டரக்கா. "அம்மாகிட்டப் பேசினியா?"

"தினமும் சாயங்காலம் ஏழேகாலுக்குப் பேசுவாங்க. நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், இதுதான். போன ஞாயித்துக்கிழமை வர்றேன்னேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க, தூசி, வராதேன்னாங்க."

மீட்டரக்கா அந்தப் போனை வாங்கி ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பிறகு அலமாரியிலிருந்து தன் கெட்டிலை எடுத்து, அதே மாதிரிப் பிளக் ஒன்றை மாட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். ஒரு நிமிடத்தைத் தாண்டியதும் கெட்டில் கொதித்துத் தானாக நின்றது. பிளக் 0.03 யூனிட் என்றது.

"எட்டு மாசமும் உங்கம்மாவோட கணக்கு இதுதான், பாரு."

தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுத்துவரை நிரப்பிப் போட்டாள். நாலு நிமிடம். 0.10.

"இது இந்தப் பதினொரு நாள். பிளக் பொய் சொல்லலம்மா. உங்கம்மாவும் அணைக்க மறக்கல. கொதிச்சா அதுவே நின்னுடும். தண்ணிதான் கூடியிருக்கு."

அவசரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அப்போ வீட்ல ஆள் இருக்கு! ஒருத்தன் இல்ல, ரெண்டு மூணு பேர். அம்மாவை மிரட்டி டீ போடச் சொல்லிக் குடிக்கிறானுங்க!"

"மிரட்டுறவன் சாப்பிட மாட்டானா? ஃப்ரிட்ஜைப் பாருங்க. ஒரு நாளைக்கு 1.2 யூனிட் ஓடினது 0.8 ஆயிருக்கு."

"அதனால?"

"யோசிங்க" என்று அவரை அங்கேயே நிறுத்திவிட்டு, அவள் பெண்ணிடம் திரும்பினாள். "டிவி தினமும் ஏழுல இருந்து எட்டு வரை ஓடுது. அம்மா ஏழேகாலுக்குப் பேசும்போது சத்தம் கேக்குமா?"

"முன்னாடி டிவிகூடப் போட்டி போட்டுக் கத்துவாங்க. இப்பல்லாம் அமைதியாத்தான் பேசுறாங்க." சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது. "அக்கா..."

"வீட்டுச் சாவி இருக்கா?"

"இருக்கு."

"ஏங்க, கடையைச் சாத்துங்க."

அம்மாவின் வீடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது. கீழ்த்தளத்தில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். பக்கத்து வீட்டில் ஒரு தையல்கார அக்கா, கணவன், மாமியார், மூன்று பிள்ளைகள். மாடியில் தனியாளாக ஒரு வங்கிக் காவலாளி.

சுவர்களில் புதுச் சுண்ணாம்பின் சுவடே இல்லை. கட்டில் விரிப்பில் ஒரு மடிப்பு கலைந்திருக்கவில்லை. கெட்டிலைத் தூக்கிப் பார்த்தாள் மீட்டரக்கா. விளிம்புவரை தண்ணீர், ஆறிக் குளிர்ந்திருந்தது. கவிழ்த்து வைத்த டம்ளர்களின் முதுகில் மெல்லிய தூசி. ஃப்ரிட்ஜில் ஒரு தண்ணீர் பாட்டில், சுருங்கிப்போன அரை எலுமிச்சம்பழம். பால் இல்லை. கைதுடைக்கும் துணி காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது.

மகள் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கெட்டில் ஓடுதுன்னுதானே நான் வரல. எங்கம்மா எங்கே?"

"கடத்தல்" என்றார் அவசரம் தாழ்ந்த குரலில்.

"கடத்தினவன் தினமும் ஏழேகாலுக்கு மகளோட பேச விடுவானாங்க? கொஞ்சம் சும்மா இருங்க." மீட்டரக்கா மகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "அம்மா உயிரோட, தெளிவாப் பேசுறாங்க. அதைப் பிடிச்சுக்கோ. இப்பவே போன் பண்ணிக் கேட்டா இன்னொரு வெள்ளையடிப்பு சொல்லுவாங்க. எனக்குப் பத்து நிமிஷம் கொடு. வேற யார்கிட்டச் சாவி இருக்கு?"

"பக்கத்து அக்காகிட்ட ஒண்ணு, மாடியில செக்யூரிட்டி அண்ணன்கிட்ட ஒண்ணு. அப்பா காலத்துல இருந்தே."

"செக்யூரிட்டிதான்!" அவசரம் துள்ளினார். "நானும் போனைப் பாத்தேன். முன்னாடி கெட்டில் ஒரு நாள் அஞ்சே முக்கால், ஒரு நாள் ஆறேகால், ஞாயித்துக்கிழமை இன்னும் லேட்டு. இந்தப் பதினொரு நாளும் ஆறுன்னா ஆறு! ராத்திரி டியூட்டி முடிஞ்சு ஆறு மணிக்கு வர்ற ஆளாலதான் அது முடியும்."

மீட்டரக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். "நேரத்தைச் சரியாப் பிடிச்சீங்க. நான்கூடச் சொல்லலாம்னு இருந்தேன்." அவசரத்தின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. "ஆனா ஆளு யாருன்னு தண்ணிதான் சொல்லணும். ரெண்டு பேரையும் கூப்பிடுங்க."

வந்தார்கள். காவலாளி பகல் தூக்கம் கலைந்த கண்களோடு, தையல்கார அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு. சமையலறையில் ஐந்து பேர் நிற்க இடம் போதவில்லை. மகள் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்ததும் தையல்கார அக்கா பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள்.

"பொண்ணு மனசு சரியில்ல, ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம்" என்றாள் மீட்டரக்கா. "அண்ணே, கெட்டில்ல கொஞ்சம் தண்ணி வைங்களேன்."

காவலாளி பழைய தண்ணீரைக் கொட்டினார். ஒரு டம்ளரைக் கழுவி, அதில் பிடித்து, அதை மட்டும் கெட்டிலில் ஊற்றினார். ஒண்டிக்கட்டையின் கை. மீட்டரக்கா அதையும் கொட்டிவிட்டு, "கெட்டிலை இன்னொரு தடவை அலசணும்போல. அக்கா, நீங்க வைங்க" என்று நீட்டினாள்.

தையல்கார அக்கா குழாயடியில் பிடித்தாள். வேறெங்கோ பார்த்தபடி நின்றாள். தண்ணீர் ஏறிக்கொண்டே போய் விளிம்பைத் தொட்டதும் அவள் கை தானாகவே குழாயை மூடியது.

"ஒரே ஒரு டீக்கா அக்கா?" என்றாள் மீட்டரக்கா, மெதுவாக.

தையல்கார அக்கா நிரம்பிய கெட்டிலைக் குனிந்து பார்த்தாள்.

"வீட்ல ஆறு பேரு உங்களுக்கு. கை அந்த அளவுக்குப் பழகிடுச்சு. கெட்டில் ஓடணும்னு பெரியவங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க. எவ்வளவு ஊத்தணும்னு சொல்ல அவங்களுக்குத் தோணல. டீ வேணும்னு கெட்டில் போடுறவங்க ஒரு நாள் முன்னே பின்னே போடுவாங்க. வாக்குக் கொடுத்தவங்கதான் மணி பாத்துப் போடுவாங்க." பிறகு கணவரிடம் திரும்பினாள். "ஃப்ரிட்ஜு ஏன் குறைஞ்சதுன்னு கேட்டீங்களே. கதவைத் திறந்தா உள்ளே சூடு போகும், அதை விரட்ட அது ஓடணும். இங்கே யாரும் திறக்கவே இல்ல. ஆளுங்க கூடியிருந்தா ஃப்ரிட்ஜும் கூடியிருக்கும். கெட்டில் கூடி ஃப்ரிட்ஜ் குறைஞ்சா, கொதிக்கிற தண்ணியைக் குடிக்க ஆளே இல்லன்னு அர்த்தம். டிவியும் அப்படித்தான். இங்கே அது கத்திட்டிருக்கும்போது அம்மா வேற எங்கேயோ அமைதியான இடத்துல இருந்து பேசியிருக்காங்க."

தையல்கார அக்கா கெட்டிலைக் கீழே வைத்தாள். "சொல்லக் கூடாதுன்னு தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க பாப்பா. காலைல ஆறுக்குக் கெட்டில், சாயங்காலம் ஏழுக்கு டிவி. நானும் ஒரு நாள் விடல. என் தண்ணியே காட்டிக் கொடுக்கும்னு கண்டேனா?"

"எங்கம்மா எங்கேக்கா?"

"பித்தப்பையில கல்லு. ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் இருந்தாங்க. இப்போ ஆஸ்பத்திரிக்குப் பின்னால, அவங்ககூட டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாத்தாங்களே, அந்தம்மா வீட்ல இருக்காங்க. நல்லா இருக்காங்க பாப்பா. சத்தியமா."

சிநேகிதியின் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் அம்மா சாய்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் முதலில் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"யாரு உளறினது?"

"கெட்டில்ல தண்ணி" என்றார் அவசரம். அவருக்கும் ஒரு கண்டுபிடிப்பைச் சொல்ல ஆசை.

மகள் கட்டிலருகே மண்டியிட்டாள். "வயித்தை அறுத்திருக்காங்க. என்கிட்டச் சொல்லலியேம்மா."

"சொன்னா என்ன நடந்திருக்கும்? மயக்கம் தெளியறதுக்குள்ள உங்கண்ணன் என்னை வேன்ல ஏத்தியிருப்பான். கெட்டில் ஓடலைன்னா வருவோம்னீங்க. ஓட வெச்சேன். நான் செத்துக் கிடந்தாக்கூட அது ஓடினா போதும் உங்களுக்கு."

"அம்மா!"

"கோபத்துல சொல்றேன், அழாதே. எட்டு மாசமா நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்தீங்க. அது எனக்குப் பெரிய தனிமையா இருந்தது." அவர் மீட்டரக்காவைப் பார்த்தார். "நீங்கதானே அந்தப் பெட்டியை வித்தவங்க?"

"நான்தாம்மா" என்றாள் மீட்டரக்கா. "கரன்ட்டை அளக்கத்தான் வித்தேன்."

மகளின் போன் அடித்தது. அண்ணன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் இனி இருக்கலாமா கூடாதா என்பது இந்தப் பேச்சில் முடிந்துவிடும்.

"அண்ணா, அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் உன்னைவிட நல்லாவே இருக்கு" என்றாள் மகள். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "நான் ஒரு மாசம் லீவு போட்டு அம்மா வீட்ல இருக்கப் போறேன். அதுக்கப்புறமும் அவங்க அங்கேதான். நாமதான் முறை வெச்சு வந்து போகணும். சனிக்கிழமை தையல் பிரிக்கிறாங்களாம். வேனை விட்டுட்டு, பஸ்ல நீ மட்டும் வா."

பிறகு அவன் கேட்டது அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மாவுக்கு வலிக்குதா?"

மகள் போனை அம்மாவின் காதில் வைத்தாள். பதினொரு நாளும் ஏழேகாலுக்கு ஒரே பதிலைச் சொல்லிவந்தவர், இப்போது உதட்டைக் கடித்து, விட்டு, மெல்லச் சொன்னார்.

"வலிக்குதுடா."