குளத்துக்கு உயர்ந்த கைகள்

மாலை நான்கு மணி. செந்நதிக் கரையில் இருந்த அந்த வியட்நாமியக் கம்யூனின் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் மியனின் மேசை இழுப்பறை நெம்பப்பட்டிருந்தது. உள்ளே வட்ட முத்திரை இல்லை. முத்திரை இல்லாவிட்டால் அரிசிச் சீட்டு செல்லாது, கல்யாணம் செல்லாது, செத்தவன்கூட முறைப்படி சாக முடியாது.

ஐந்து மணிக்கு மாவட்டக் காவல் அதிகாரி லுவான் சைக்கிளில் வந்து இறங்கினார். இருட்டுவதற்குள் முத்திரை கிடைக்காவிட்டால் மியனைக் கைது செய்ய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"மூணு மணிக்கு இழுப்பறையைப் பூட்டிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேண்ணா. அத்தனை பேருக்கும் தேநீர் ஊத்தணும். நடுவுல ரெண்டு தரம் கை வேற தூக்கணும்."

வெளியாள் எவரும் வரவில்லை, உள்ளாள் எவரும் போகவில்லை என்று வாசல் காவலாளி சத்தியம் செய்தார். அப்படியானால் திருடன் கூட்டத்து ஆள்தான்.

லுவான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரும் ஒரே சரக்கை ஒரே விலைக்கு விற்றார்கள்: கூட்டத்தில் இருந்தேன், கை தூக்கினேன், ஏகமனதாக நிறைவேறியது. பக்கத்தில் இருந்தது யார் என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. கட்சிச் செயலாளர் ஹோனின் கை எப்போது எழும் என்று முன்னால் பார்ப்பவன் பக்கத்தில் எங்கே பார்ப்பான்?

லுவானுக்குத் தலை சுற்றியது. பேச்சுக்குத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார்: எதற்காகக் கை தூக்கினீர்கள்?

அங்கேதான் சந்தை கலைந்தது. ஊர்க் குளத்தைத் தூர்க்க என்றார் ஒருவர். தூர்க்காமலிருக்க என்றார் இன்னொருவர். வாத்துப் பண்ணைப் பொறுப்பாளர் தாவ் உள்ளதைச் சொன்னார்.

"தூக்கினாங்க, தூக்கினேன் தம்பி. குளம் இருக்கப்போகுதா போகப்போகுதான்னு என் வாத்துங்களுக்கே தெரியல."

நில அலுவலர் கோவாத் மட்டும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தார். "குளத்தைத் தூர்த்து நெல் கிடங்கு கட்டணும்னு தீர்மானம். ஒரே தரம் கை தூக்கினோம், முடிஞ்சுது. நேத்தே அதை எழுதி வெச்சவனே நாந்தான்."

ஒருவராவது உருப்படியாகப் பேசினாரே என்று லுவான் நிம்மதியாகத் தேநீரை எடுத்தார். வாய்க்குப் போன குவளை பாதியில் நின்றது. எழுந்து போய் ஹோனிடம் ஒரே ஒரு விவரம் கேட்டுவிட்டு வந்தார்.

ஆறு மணிக்கு எல்லோரும் அதே அறையில் கூடினார்கள்.

"தூர்க்கணும்னு கை தூக்கி முடிச்சதும் மாவட்டத்துலேர்ந்து தொலைபேசி வந்துருக்கு, தூர்க்காதேன்னு. செயலாளர் மாத்தி வாசிச்சார். அதே கைங்க மறுபடி எழும்புச்சு. உள்ள இருந்தவங்க குழம்பாம என்ன செய்வாங்க? குழம்பாத ஒரே ஆள் நீங்கதான், தோழர் கோவாத். வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டுட்டுப் பின்பக்கமா மியன் மேசைக்கு நழுவினீங்க. முடிவுதான் நேத்தே எழுதியாச்சே, ஒப்பிச்சாப் போதும்னு நெனைச்சீங்க. மத்த நாள்ல பலிச்சிருக்கும்."

கோவாத்தின் மேசைக்குள், புகையிலை டப்பாவுக்கு அடியில் முத்திரை கிடைத்தது. கூடவே, கள்ள மரம் கடத்த முத்திரை பதித்த வெற்றுத் தாள்கள்.

விலங்கு மாட்டியாயிற்று. ஆனால் கொண்டுபோகுமுன் கட்சியிலிருந்து நீக்க வேண்டுமே. ஹோன் தீர்மானத்தை வாசித்துவிட்டுக் கையை உயர்த்தினார். அறையில் எல்லாக் கைகளும் எழுந்தன. பழக்க தோஷம், கோவாத்தின் கையும் எழுந்தது. விலங்கு இருந்ததால் இரண்டுமே எழுந்தன.

மியன் அதை ஒன்றாகவே எண்ணினாள். 'ஏகமனதாக' என்று எழுதி, முத்திரையின் மேல் ஒரு முறை ஊதி, அழுத்திப் பதித்தாள்.