பதினேழாம் தேதித் தேர்வுத் தாள்

கலாட்ஸ் என்ற ஆற்றுத் துறைமுக நகரத்தின் காவல்துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் பந்தெலிமோன், அந்தப் புதன்கிழமை காலை சமையலறையில் வெள்ளரிக்காய்களை உப்பு நீர் ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே அவருடைய மனைவியின் தம்பி ஜீக்கு உட்கார்ந்திருந்தான். கை சுளுக்கியதால் டிராம் ஓட்டாமல் இரண்டு வாரமாக விடுப்பில் இருந்தவன். நாற்பத்தைந்து வயதாகியும் அத்தானின் பழைய வழக்குகளைக் கேட்டுச் சலிக்காதவன்.

கதவைத் தட்டி உள்ளே வந்த பெண்மணி துக்கத்துக்கான கறுப்புப் பாவாடை உடுத்தியிருந்தாள். ஆனால் தலையில் கட்டியிருந்த முக்காடு சிவப்புப் பூப் போட்டது. பந்தெலிமோன் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைக் காட்டினார்.

"என் பேரு அக்லாயா. மீன் சந்தைக்குப் பின்னால வீடு. என் பையன் ஹோரியா கப்பல் கட்டுற படிப்புல கடைசி வருஷம்." அவள் இரண்டு காகிதங்களை மேஜைமேல் வைத்தாள். "ரெண்டையும் படிங்க. எது பொய்னு நீங்கதான் சொல்லணும்."

முதல் காகிதம் ஆற்றுக் காவலர்களுடையது. ஜூன் பதினொன்றாம் தேதி மாலை ஹோரியா தனியாகத் துடுப்புப் படகில் மீன் பிடிக்கப் போனான். காற்று வீசியது. மறுநாள் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் படகு கவிழ்ந்து கிடந்தது. பத்து நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

இரண்டாவது பல்கலைக்கழகத்தின் கடிதம். பட்டம் பெற அவசியமான பிரெஞ்சு மொழித் தேர்வில், ஜூன் பதினேழாம் தேதி எழுதிய தாளில், ஹோரியா பத்துக்கு எட்டு வாங்கித் தேறிவிட்டதாக அது சொன்னது.

ஜீக்கு துள்ளி எழுந்தான். "அத்தான்! பதினொண்ணாம் தேதி முழுகினவன் பதினேழாம் தேதி எப்படிப் பரீட்சை எழுதுவான்? உயிரோட இருக்கான்!"

"உக்காரு மாப்ளே," என்றார் பந்தெலிமோன், குரலை உயர்த்தாமல்.

"நானும் அதைத்தான் சொல்றேன் ஐயா," என்றாள் அக்லாயா. "கீழ்ப்பக்கம் உக்ரைன் கரை. அங்க ஏறியிருக்கலாம்ல? என் மேல ஏதாவது கோபமா இருந்திருக்கலாம்ல? வர்ற ஞாயித்துக்கிழமை நாப்பதாம் நாள். பாதிரியார் பூசையில வாசிக்கப் பேரை எழுதிக் கொடுங்கன்னு கேக்கறாரு. உயிரோட இருக்கறவங்க சீட்டுல எழுதறதா, செத்தவங்க சீட்டுல எழுதறதா? செத்தவங்க படையலுக்குக் கோதுமையை ஊறப் போடறதா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

பந்தெலிமோன் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தார். "முன்னாடி இந்தப் பரீட்சையை எத்தனை தடவை எழுதினான்?"

"மூணு தடவை. மூணும் போச்சு. மத்த பாடம் எல்லாம் நல்ல மார்க்கு. இந்த பிரெஞ்சு ஒண்ணுதான் அவன் நாக்குல ஏறல. இது இல்லாம பட்டம் கிடையாதாம். இந்தத் தடவை கூடப் படிக்கிற ஒருத்தர் சொல்லிக் கொடுக்கறாங்க, பாஸ் ஆயிடுவேன்னு சொன்னான். ஆயிட்டானே, பாருங்க!"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஜீக்கு ஜாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

*

பிரெஞ்சு விரிவுரையாளர் லெத்தீசியா ஒல்லியான, கண்டிப்பான பெண்மணி. விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது. "எனக்கு அந்தப் பையனைத் தெரியாதே. இங்க நாலு துறையிலிருந்து வர்றாங்க. தாளோட மூலையில பேரை எழுதி, மடிச்சு ஒட்டிடுவோம். திருத்தி முடிச்சு மார்க்கு போட்ட பிறகுதான் பிரிப்போம். யாரு எழுதினதுன்னு தெரியாமத்தான் திருத்தறேன்."

"வாசல்ல கையெழுத்து வாங்குவீங்களா?"

"வாங்காம? அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியல்ல கையெழுத்து வாங்கித்தான் உள்ள விடுவாங்க. முடிஞ்சதும் நானே எண்ணினேன். கையெழுத்து தொண்ணூத்தாறு. தாளும் தொண்ணூத்தாறு. சரியா இருந்துச்சு."

"அப்போ கணக்கு சரி!" என்றான் ஜீக்கு. "அவன் வந்துதான் எழுதியிருக்கான், அத்தான்!"

"பட்டியலைப் பார்க்கலாமா?"

"அலுவலகத்துல பூட்டியிருக்கு. எழுத்தர் நாளைக்குத்தான் வருவாரு. தாள் இருக்கு, இதோ."

பந்தெலிமோன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்துகள் நிமிர்ந்து, அச்சு வார்த்தது போல் இருந்தன.

"கையெழுத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள் லெத்தீசியா. "கப்பல் வரைபடம் போடறவங்களுக்கு முதல் வருஷமே ஒரே மாதிரி எழுதப் பழக்கிடுவாங்க. அந்தத் துறையில அறுபது பேருக்கும் ஒரே கை."

கட்டுரையின் தலைப்பு, 'நான் மீண்டும் போக விரும்பும் இடம்.' பந்தெலிமோன் பள்ளியில் படித்த பிரெஞ்சை நினைவுபடுத்திக்கொண்டு மெதுவாக வாசித்துச் சொன்னார்:

"அது ஒரு சமையலறை. மேஜையில் விளிம்பு உடைந்த பச்சைக் குவளை இருக்கும். நான் அங்கே உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வாதுமை மரமும், அதற்குப் பின்னால் ஆறும் தெரிந்தன. அந்த வீட்டு அம்மா யாரையும் பசிக்கிறதா என்று கேட்பதில்லை, தட்டை வைத்துவிடுவாள். நான் அங்கிருந்து வேறு ஆளாகத் திரும்பி வந்தேன்."

தாள் முழுவதிலும் ஒரே ஒரு எழுத்துப்பிழைதான் சிவப்பில் சுழிக்கப்பட்டிருந்தது. பந்தெலிமோன் 'உட்கார்ந்தேன்', 'திரும்பி வந்தேன்' என்ற இரண்டு இடங்களில் விரலை வைத்தார். "இந்த ரெண்டு வார்த்தையும் சரிதானா மேடம்?"

"சரிதான். தப்புன்னா சுழிச்சிருப்பேனே."

அவர் அந்த இரண்டு வார்த்தைகளையும் எழுத்து எழுத்தாகத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு ஜீக்குவிடம், "நாளைக்கு நீ இங்க வா. பட்டியலையும் மார்க்கு ஏட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒவ்வொரு பேராப் பாரு. எண்ணிக்கை வேண்டாம். பேரைப் பாரு," என்றார்.

*

அன்று மதியமே அவர் அக்லாயாவின் வீட்டுக்குப் போனார். கட்டுரையைச் சொன்னதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"பச்சைக் குவளை! இதோ, இதுதான்! வெளியாளுக்கு இது எப்படித் தெரியும் ஐயா? என் பிள்ளைதான் எழுதியிருக்கான். வேற யாரு?"

பந்தெலிமோன் அந்தச் சின்னச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜை, இரு பக்கமும் இரண்டு பெஞ்சுகள், ஒரு பக்கம் அடுப்பு. அடுப்பை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல்.

"ஹோரியா எங்க உக்காருவான் அம்மா?"

"இங்க, அடுப்புப் பக்கம். சின்னதுலருந்து அதே இடம்தான். முதுகு சூடா இருக்கணும் அவனுக்கு."

பந்தெலிமோன் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கண்ணுக்கு எதிரே பாத்திர அலமாரி மட்டும் தெரிந்தது. எழுந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். வாதுமை மரம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஆறு வெயிலில் மின்னிக்கொண்டு ஓடியது.

"இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?"

"விருந்தாளி வந்தா உக்காருவாங்க. எங்க வீட்டுக்கு யாரு வர்றா? ஈஸ்டருக்கு அவன் கூடப் படிக்கிறவங்க மூணு பேர் வந்தாங்க. ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு நீங்க இருக்கற இடத்துலதான் உக்காந்தா. ஆட்டுக்கறிச் சாறு ரெண்டு கிண்ணம் குடிச்சா. வெக்கப்படாம சாப்பிடறவளை எனக்குப் பிடிக்கும்." அவள் குரல் தாழ்ந்தது. "ஏன் கேக்கறீங்க?"

"வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன் அம்மா."

அவர் ஏன் உடனே சொல்லவில்லை என்று ஜீக்கு பிற்பாடு கேட்டான். "அந்த நம்பிக்கை ரெண்டு நாளாவது இருக்கட்டும்னுதான்," என்றார் பந்தெலிமோன்.

*

வெள்ளிக்கிழமை காலை அதே சமையலறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அக்லாயா அடுப்பருகில், மகனின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். லெத்தீசியா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜீக்கு கதவோரம் நின்றான். ஜன்னலைப் பார்த்த பெஞ்சில், பந்தெலிமோன் அழைத்து வந்திருந்த ஸ்மராண்டா என்ற பெண், குட்டையாக வெட்டிய முடியோடு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்கு வந்தவள் அவள்தான்.

"அம்மா," என்று பந்தெலிமோன் தொடங்கினார், "நம்ம பேச்சுல 'வந்தேன்'னு சொன்னா, ஆம்பளை சொன்னாலும் வந்தேன்தான், பொம்பளை சொன்னாலும் வந்தேன்தான். பிரெஞ்சுல அப்படி இல்ல. 'வந்தேன்', 'உக்காந்தேன்' மாதிரி சில வார்த்தைங்கள்ல, சொல்றது பொண்ணா இருந்தா கடைசியில ஒரு எழுத்து கூடும். அந்தத் தாள்ல ரெண்டு இடத்துலயும் அந்த எழுத்து இருக்கு."

லெத்தீசியா வாயைப் பொத்திக்கொண்டாள். "பேரை மறைச்சிருந்ததால எனக்கு அது தப்பாவே தெரியல. பேரைப் பிரிச்ச பிறகு நான் திருப்பிப் படிக்கவே இல்லையே!"

"பிரெஞ்சு வராத பையன் தெரியாம அந்த எழுத்தைப் போட்டிருக்கலாம்ல?" என்றாள் அக்லாயா வேகமாக. "அவனுக்குத்தான் ஒழுங்கா வராதே!"

"வராதவன் இருபது இடத்துல தடுக்கி விழுவான் அம்மா. இதை எழுதினவங்க எங்கயும் தடுக்கல. பழக்கத்துல கை தானா எழுதியிருக்கு. அப்புறம் ஜன்னல். அடுப்புப் பக்கம் உக்காந்தா மரம் தெரியாது, ஆறு தெரியாது. எழுதினவங்க எதிர்ப் பக்கம் உக்காந்து பார்த்திருக்காங்க. மாப்ளே, பட்டியல்ல என்ன பார்த்தே?"

ஜீக்குவுக்கு இப்போது எந்த ஆவலும் இல்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எண்ணிக்கை சரியா இருக்கு அத்தான். ஆனா பேரு சரியா இல்ல. ஹோரியாவுக்கு மார்க்கு இருக்கு, வாசல்ல கையெழுத்து இல்ல. ஸ்மராண்டாவுக்குக் கையெழுத்து இருக்கு, மார்க்கு இல்ல. வரலைன்னு போட்டிருக்காங்க."

"தன் பேர்ல உள்ள போய், மூலையில அவன் பேரை எழுதி ஒட்டிட்டு வந்திருக்கா," என்றார் பந்தெலிமோன். "தனக்குன்னு ஒரு தாளும் கொடுக்கல. இவளும் இந்தப் பரீட்சையை இன்னும் எழுதாதவ, இந்தத் தடவை இவளுக்கும் பட்டம் இல்ல."

ஸ்மராண்டா தலை நிமிராமலே பேச ஆரம்பித்தாள்.

"நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்னிக்குப் பாடம் இருந்துச்சு. அவன் தூண்டிலோட வந்து நின்னான். எனக்குக் கோபம் வந்துடுச்சு. 'உன் மண்டையில ஒண்ணும் ஏறாது, இதைப் பாஸ் பண்ணாம உங்க அம்மா மூஞ்சில எப்படி முழிப்பே, போ, போய் மீனையே பிடி'ன்னு சொன்னேன். அவன் சிரிச்சான். போய்ட்டான்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எல்லாப் பாடமும் முடிச்சிருந்தான் அம்மா. இது ஒண்ணுதான் பாக்கி. இதுவும் இருந்தா அவன் பேர்ல பட்டம் கொடுப்பாங்க, நாப்பதாம் நாளுக்கு உங்க கையில இருக்கும்னு நினைச்சேன். கடிதத்துல தேதி போட்டு உங்களுக்கு அனுப்புவாங்கன்னு... நீங்க அதைப் பார்த்துட்டு... சத்தியமா நான் அதை யோசிக்கவே இல்ல."

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்லாயா. என்ன கேட்கிறாள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது.

"சொன்னேன் அம்மா. ஒரு தடவை. பிரெஞ்சுல சொன்னேன். 'இது பாடத்துல எந்தப் பக்கத்துல வருது'ன்னு கேட்டான்."

லெத்தீசியா எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். சட்டப்படி அந்த மதிப்பெண்ணை ரத்து செய்ய வேண்டும், தாளை எழுதியவர் யாரானாலும் அவர் மேல் புகார் எழுத வேண்டும் என்று அவள் வரும் வழியில் சொல்லியிருந்தாள். இப்போது திரும்பிப் பார்க்காமல், "செப்டம்பர் ஒன்பதாம் தேதி மறு தேர்வு. நீ வரலைன்னுதான் ஏட்டுல இருக்கு. நான் வேற எதுவும் எழுதப் போறதில்ல," என்றாள். பிறகு, "அவன் மார்க்கை மட்டும் நான் அடிச்சே ஆகணும். மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

அக்லாயா அந்தக் கடிதத்தை எடுத்து, மடிப்புகளை நீவி, லெத்தீசியாவின் கையில் கொடுத்தாள். பிறகு ஸ்மராண்டாவைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றே ஜீக்கு நினைத்தான்.

"எனக்கு ரெண்டு நாள் திருப்பிக் கொடுத்தேடி அவனை," என்றாள் அக்லாயா. "ரெண்டு நாள் இல்ல, கடிதம் வந்து அஞ்சு நாள். அஞ்சு நாளும் அவன் சட்டைங்களை இஸ்திரி போட்டு வெச்சேன். ஏண்டி கொடுத்தே? கொடுத்துட்டு ஏண்டி பிடுங்கறே?"

அக்லாயா பின்கதவைத் திறந்து வெளியே போனாள். வாதுமை மரத்தைத் தாண்டி, கரையில் இறங்கி, தண்ணீர் கணுக்காலைத் தொடும் வரை நடந்தாள். ஆற்றைப் பார்த்து மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முதலில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுபோல. இரண்டாம் தடவை குரல் உடைந்தது. அதன் பிறகு அது பெயராக இல்லை, ஓலமாக இருந்தது. அப்படியே ஈரக் கரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

ஜீக்கு ஓடப் போனான். பந்தெலிமோன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "விடு. அழட்டும்."

ஸ்மராண்டா மட்டும் எழுந்து போனாள். செருப்போடு தண்ணீரில் இறங்கி, அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். அக்லாயா முதலில் அவளைத் தள்ளினாள். மறுபடி தள்ளினாள். மூன்றாம் தடவை அவள் கை அந்தப் பெண்ணின் சட்டையைப் பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு குரல்கள் கேட்டன.

நடு ஆற்றில் மணல் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு படகின் ஓட்டுநர் கரையைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். படகு சத்தமில்லாமல் நீரோட்டத்தோடு நகர்ந்து போனது.