பன்னிரண்டு விநாடிப் பெண்

எழுத்தாளரும் மனைவியும் அந்தப் பழைய வாடகை வீட்டுக்கு வந்ததே, அவர் தொந்தரவில்லாமல் எழுதத்தான். முகமூடிக்காரன் ஒருவன் வரிசையாக ஆட்களை வெட்டிச் சாய்க்கும் படத்தை நாவலாக்கும் வேலை. திரையில் கத்தி பளிச்சிட்டால் போதும், பார்க்கிறவன் அலறிவிடுவான். காகிதத்தில் அந்தப் பாச்சா பலிக்குமா? சாகிறவள்மேல் பாசம் வந்தால்தானே வாசகனுக்கு வயிறு கலங்கும்! படத்திலோ செத்தவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது.

கடைசியாகச் சாகிறவள் வருவதே பன்னிரண்டு விநாடி, அதுவும் முதுகு மட்டும். சமையலறையில் நிற்பாள், பின்கதவு திறக்கும், அவ்வளவுதான். அவளுக்கு உயிர் கொடுக்க, எழுத்தாளர் தன் மனைவியிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார். ஈரத்தலையில் நீலத் துண்டு. பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கும் பாட்டு. அந்தப் பாட்டு மூன்றாவது அடியில் பாதியிலேயே அறுந்துபோவதாக எழுதினார். அத்தியாயம் பிரமாதமாக வந்துவிட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை, அன்றே பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சும்மா அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தார்.

அவள் தலையில் நீலத் துண்டு இருந்தது.

முன்பு வெறும் தலைதான். நூறு தடவை பார்த்தவருக்குத் தெரியாதா? உடனே பதிப்பாசிரியருக்குப் போன் போட்டார்.

“சார், அந்தக் கடைசிப் பொண்ண மட்டும் காப்பாத்திடலாம் சார்.”

“விளையாடுறீங்களா? படத்துல செத்தவங்க புத்தகத்துலயும் சாகணும்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“துண்டையாவது எடுத்துடுங்க. அந்தப் பாட்டையாவது...”

“அச்சடிச்சு முடிச்சாச்சுங்க. ஒண்ணு சொல்லட்டா? அவ செத்தப்போ நானே அழுதுட்டேன்.”

எழுத்தாளர் படத்தை நிறுத்தினார். நிறுத்திய படத்தில், துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

“ஏம்மா!” என்று கத்தினார். “அங்க நிக்காத. இங்க வந்துடு.”

“இருங்க, ரெண்டு தட்டுதான் பாக்கி. பின்கதவ நீங்களா திறந்தீங்க? முதுகுல சில்லுன்னு காத்து அடிக்குது.”

விழுந்தடித்து ஓடினார்.

குழாய் திறந்திருந்தது. தட்டுகள் நுரையோடு கிடந்தன. தரையில் அவளுடைய ஈரக் காலடிகள், தொட்டி முன்னால் வந்து நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

அவள் இல்லை.

பின்னால், அவருடைய அறையில், நிறுத்திய படம் தானாக ஓடத் தொடங்கியது. படத்துக்குள் அவள் பாடிக்கொண்டிருந்தாள். முதல் அடி. இரண்டாவது அடி.

“நிறுத்தாத,” என்று அழுதார். “பாடு. பாடிக்கிட்டே இரு.”

மூன்றாவது அடியை ஆரம்பித்தாள்.