இலை வைக்காத தட்டுகள்

தணிகைவேல் எழுந்தான். வாசலில் தண்ணீர் தெளித்தான். பால் காய்ச்சிக் குடித்தான். ரேடியோவில் செய்தி முடிந்ததும் அணைத்துவிட்டு, அலமாரியிலிருந்த கண்ணாடித் தட்டுகளை சன்னலோர மேசையில் பரப்பினான். மனைவி ஞானசுந்தரி இறந்த தையிலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான்.

தட்டுகளில் நுண்ணுயிர் வளர்க்கும் அகர் கூழ். பெருநகர் கிராமத்துச் சாலையோர வயல்களில் பறித்த நெல் இலையை அதில் ஒற்றி எடுப்பான். இலையிலிருந்து கசியும் மெத்தனாலைத் தின்று வாழும் பாக்டீரியா கூழில் தங்கிவிடும். சில நாளில் இலையின் வடிவம் இளஞ்சிவப்பாக எழும்பி வரும். அதைப் பிரித்து வகைப்படுத்தி, புது இனமா என்று சொல்ல வேண்டும். கூழில் மெத்தனாலைத் தவிர வேறு உணவு கிடையாது. மற்ற எதுவும் அதில் பிழைக்காது.

அன்று, ஒப்பிடுவதற்காக இலையே வைக்காமல் விட்டிருந்த நான்கு தட்டுகளும் சிவந்திருந்தன.

மதியம் காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்த அவன் ஆராய்ச்சி வழிகாட்டி, பேராசிரியர் ஏசுதாஸ், ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா, கைய வெச்சு அமுக்கினியா?"

"தொடவேயில்ல சார்."

"தொட்டாலும் வளராதே. மனுசன் தோல்ல கீறது மெத்தனால் துன்னாது. நீ ஆக்கற சோத்தத் துன்னு பொழைச்சதுன்னா கண்டிப்பா புது இனந்தான்." சிரித்தார். அவன் சிரிக்காததைக் கண்டு குரலைத் தணித்தார். "இன்னிக்கே குக்கர்ல வேகவெச்சுக் கொட்டிடு. இலை வெக்காத தட்டுல வளந்துதுன்னு தெரிஞ்சா மீதி எதையும் எவனும் நம்பமாட்டான். ரெண்டு வருச வேல பூடும், வேலு."

அவர் போனபின் தட்டுகளை அடுக்க எடுத்தான். நான்கும் மேசையில் பக்கம் பக்கமாகச் சேர்ந்த கணத்தில் கை நின்றுவிட்டது. ஒன்றில் கட்டைவிரலின் சிவப்பு அச்சு. இரண்டில் இரண்டிரண்டு விரல்கள். நான்காவதில் உள்ளங்கை, அதன் குறுக்கே எதுவும் வளராத ஒரு வெளிறிய கோடு. குக்கர் ஆவி சுட்ட தழும்பு. சுந்தரியின் வலது கை.

சாயங்காலம்வரை அதன் எதிரே உட்கார்ந்திருந்தான். வயலில் பம்புசெட் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தனாலின் இனிப்பு நெடி அறையில் நிறைந்து, எதிர்ச் சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு, மேசைக் காலைத் தொட்டு, மெல்ல மேலேறித் தட்டுகளைத் தொட்டது. அவள் உடம்பில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டால் ஆராய்ச்சி இல்லை. எழுந்தான். நான்கையும் அடுக்கி, அவளுடைய குக்கரில் வைத்து மூடினான்.

கரண்ட் போனது. பம்புசெட் நின்றது.

தீப்பெட்டியை எடுத்தான். அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை.

குக்கருக்குள் கண்ணாடி கண்ணாடியில் தட்டியது. மெதுவாக. மறுபடியும்.

மூடியைத் திறந்தான். குச்சியை உரசினான். தட்டுகளின் மூடிகள் விலகிக் கிடந்தன. கூழ் தெளிவாக இருந்தது. நான்கிலும். சிவப்பு எங்குமே இல்லை.

குச்சி அணைந்தது.

நிச்சயப்படுத்திக்கொள்ள, மேல்தட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டான். ஈரம். கூழ் குளிர்ந்துதான் இருக்கும். இது குளிரவில்லை. அவன் விரல்களுக்கிடையே விரல்கள் நுழைந்தன. மடிந்தன. உள்ளங்கையில் வழவழப்பாக ஒரு கோடு உரசியது.

இழுத்தான். வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகத் தண்ணீர் கேட்டாள் என்றுதான் அவள் அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறான். அவள் தண்ணீர் கேட்கவில்லை. இதே போல அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"நான் தூங்கிட்டாலும் கைய எடுத்துடாத மாமா, இன்னா?"